பூனை முடிக்கு லேசர் வேண்டாம்: முகத்து முடியை எடுப்பதில் நாம் செய்யும் தவறுகள்

மலேசியாவில், சுங்கை சிப்புட் பட்டணத்தில் 14 வருடமாக அழகு நிலையம் வைத்திருக்கிறேன். என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த பெண்கள். போன சனிக்கிழமை ஒரு பெண் அம்மாவோடு வந்தாள். எஸ்.பி.எம். (பள்ளி இறுதித் தேர்வு) முடித்துவிட்டு ஈப்போ பக்கம் தொழிற்சாலையில் வேலை. கைப்பேசியில் ஒரு விளம்பரத்தைக் காட்டினாள். முழு முகத்துக்கும் லேசர், ஆறு தடவை, தவணையில் கட்டலாம், முன்பதிவு செய்தால் தள்ளுபடி.

"அக்கா, முன்பணம் கட்டிடலாம்னு இருக்கேன். நீங்க என்ன சொல்றீங்க?"

நாற்காலியை சன்னல் பக்கம் திருப்பி, பக்கவாட்டு வெளிச்சத்தில் அவள் முகத்தைப் பார்த்தேன். கன்னம் முழுக்க இருந்தது மெல்லிய பூனை முடி. எனக்குப் பகீரென்றது. அவள் வயதில் நானும் இதே முகத்தோடு, இதே மாதிரி ஒரு விளம்பரத்தைப் பிடித்துக்கொண்டுதான் போனேன்.

பிளேடைப் பகிராதே, கைகழுவிவிட்டுத் தொடு, சுட்ட மெழுகை முதலில் மணிக்கட்டில் வைத்துப் பார் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். தெரிந்தவர்கள்கூட மறுபடி மறுபடி விழும் இடங்களைத்தான் இங்கே சொல்கிறேன்.

கன்னத்துப் பூனை முடிக்கு லேசர் அடிப்பது

இதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன். இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

2008-ல் எனக்கு 22 வயது. ஒரு கடையில் த்ரெடிங், அதாவது நூலால் முடி எடுப்பது, பழகிக்கொண்டிருந்தேன். தாடையில் ஏழெட்டு கறுப்பு முடி, கன்னத்தில் பூனை முடி. பெரிய ஊரில் இருந்த ஓர் அழகு நிலையத்தில் ஐபிஎல் என்ற ஒளி இயந்திரத்தால் முகம் முழுக்க முடியை எடுத்துவிடுவதாகச் சொன்னார்கள். 2,400 வெள்ளி (ரிங்கிட்). அம்மா பால்மரம் வெட்டி, மாதா மாதம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் அது. கல்யாணத்துக்கு என்று வைத்திருந்ததை, "புள்ள முகம்தானே முக்கியம்" என்று எடுத்துக் கொடுத்தார்.

முதல் மாதம் முகம் வழுவழுவென்று இருந்தது. மூன்றாவது தடவைக்குப் பிறகு, தாடை ஓரத்திலும் காதுக்குக் கீழேயும் முன்பு இல்லாத இடத்தில் கறுப்பாக, தடியாக முடி முளைத்தது. கேட்டேன். "இது உள்ளே இருந்த முடி, வெளியே வருது. இன்னும் நாலு தடவை வாங்க, சரியாயிடும்" என்றார்கள். நம்பினேன். இன்னும் 900 வெள்ளி கட்டினேன். அந்த நாலு தடவையில் கன்னத்தின் நடுவரை ஏறிவிட்டது. விரலால் கீழிருந்து மேலே தடவினால் தேங்காய் நார் மாதிரி குத்தும். வேலைக்குக் கிளம்பும் முன் விளக்கின் கீழ் நின்று அம்மாதான் கத்தரியால் வெட்டிவிடுவார். அந்த மூன்று வருடங்களில் நான் எந்தக் கல்யாணத்திலும் படம் எடுத்துக்கொள்ளவில்லை.

உள்ளே இருந்த முடி என்பது பொய். பூனை முடியாக இருந்தது தடித்த முடியாக மாறியதுதான் நடந்தது. முகத்துக்கு லேசரோ ஐபிஎல்லோ அடித்த பெண்களில் சிலருக்கு இப்படி முடி கூடுவது 2000-களின் தொடக்கத்திலேயே மருத்துவ இதழ்களில் பதிவான விஷயம். தாடை ஓரம், கன்னம், கழுத்துதான் அதிகம் மாட்டும் இடங்கள். மாநிறமோ கறுப்போ உள்ள தோல், கறுத்த முடி, ஹார்மோன் கோளாறு, இந்த மூன்றும் உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல். நம்மில் எத்தனை பேருக்கு இந்த மூன்றும் பொருந்தும் என்று யோசித்துப் பாருங்கள்.

இயந்திரம் வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொண்டால் காரணமும் விளங்கும். ஒளி முடியின் கறுப்பு நிறமியைத் தேடிப் போகிறது. கறுப்பு அதை உள்வாங்கிச் சூடாகிறது, அந்தச் சூடு வேரைச் சிதைக்கிறது. தடித்த கறுப்பு முடிக்கு இது சரி. பூனை முடியில் நிறமியே மிகக் குறைவு. வேர் சாகும் அளவுக்குச் சூடு ஏறாது. அரைச் சூடு தூங்கிக்கிடந்த வேரை எழுப்பிவிடுகிறது என்பதுதான் மருத்துவர்கள் இதற்குத் தரும் முக்கியமான விளக்கம். நம் தோல் கறுப்பு என்று பயந்து, சுட்டுவிடக் கூடாதே என்று ஒளியின் அளவைக் குறைத்து வைப்பார்கள். அதுவும் இந்த அரைச் சூட்டில்தான் போய் முடிகிறது.

சரி, லேசரே கூடாதா? தாடையிலும் மேலுதட்டிலும் தடித்த கறுப்பு முடி இருந்தால் லேசர் நல்ல முறைதான். ஆனால் யார் அடிக்கிறார்கள், எந்த இயந்திரம் என்பதைக் கேட்டாக வேண்டும். நம் நிறத்துக்குப் பாதுகாப்பானது என்டி யாக் எனப்படும் 1064 நானோமீட்டர் லேசர். அந்த ஒளி மேல்தோலின் நிறமியில் அதிகம் சிக்காமல் ஆழத்துக்கு இறங்கும். தோல் மருத்துவரிடம் போங்கள். இல்லையென்றால் அழகியல் மருத்துவத்துக்குச் சுகாதார அமைச்சு கொடுக்கும் எல்சிபி சான்று உள்ள மருத்துவரிடம் போங்கள். சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். அப்புறம், முகம் முழுக்க என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். தடித்த முடி இருக்கும் இடம் மட்டும் போதும். லேசர் பெரும்பாலும் முடியை வெகுவாகக் குறைக்கும், அவ்வளவுதான். அடியோடு ஒழித்துவிடும் என்று யாராவது வாக்குக் கொடுத்தால் அதையும் நம்பாதீர்கள்.

எந்த முடி என்று எப்படித் தெரிந்துகொள்வது? வெயில் வெளிச்சம் பக்கத்திலிருந்து விழும்படி உட்காருங்கள். விரல் நுனியால் முடி வளரும் திசைக்கு எதிராகத் தடவுங்கள். பீச் பழத்தின் மேலிருக்கும் பஞ்சு மாதிரி பட்டால் பூனை முடி. விரலை நெருடினால் தடித்த முடி. என் கடையில் வேலை பழகும் பெண்களுக்கு நான் முதல் வாரம் கற்றுக்கொடுப்பது இதைத்தான், நூலை அதற்குப் பிறகுதான் கையில் கொடுப்பேன்.

எனக்கு வந்த முடியைக் கடைசியில் தோல் மருத்துவர் ஒருவர் சரியான லேசரால் குறைத்தார். மிச்சம் இருப்பதை இன்றும் சவரம் செய்கிறேன். அம்மாவின் பணமும் சேர்த்துக் கட்டிய 3,300 வெள்ளி திரும்பி வரவில்லை.

சவரம் செய்தால் தாடி வளரும் என்று பயப்படுவது

வளராது. மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்க உடற்கூற்றியல் அறிஞர் 1928-லேயே இதை அளந்து பார்த்து எழுதிவிட்டார். சவரக் கத்தி வேரைத் தொடுவதே இல்லை. கூர்முனை போய் வெட்டிய முனை மிஞ்சுவதால் தடவும்போது சொரசொரப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான். பூனை முடி கண்ணை உறுத்துகிறதென்றால் ஒற்றைப் பிளேடு முகச் சவரக் கத்தியே போதும், சில வெள்ளிதான்.

இரவில் பூசும் கிரீமைச் சொல்லாமல் மெழுகு போடுவது

பழகிய காலத்தில் ஒரு அக்காவுக்கு மேலுதட்டில் மெழுகு வைத்து இழுத்தேன். முடியோடு தோலும் வந்துவிட்டது. பட்டாணி அளவு, சிவப்பாக, ஈரமாக. அவர் அழவில்லை, நான்தான் அழுதேன். அந்த இடம் கறுத்துப்போய், மறைய ஏழெட்டு மாதம் ஆனது. அவர் பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், வாங்கிய வெள்ளை டப்பா கிரீமைத் தினமும் இரவில் பூசிக்கொண்டிருந்தார். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

முகப்பருவுக்கும் நிறத்துக்கும் பூசும் டிரெட்டினோயின் போன்ற மருந்துகள் மேல்தோலின் வெளிப்படலத்தை மெலியவைக்கும். அந்தத் தோலில் மெழுகு வைத்தால் உரிந்து வரும். பருவுக்கு ஐசோடிரெட்டினோயின் மாத்திரை சாப்பிடுபவர்களும் மெழுகு பக்கம் வரக் கூடாது, மாத்திரையை நிறுத்தி ஆறு மாதம் ஆகட்டும். இவர்களுக்கெல்லாம் நான் சவரம் மட்டும்தான் சொல்வேன்.

டப்பா கிரீமில் இன்னொரு வினையும் இருக்கிறது. பெட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருந்தால், மாதக்கணக்கில் பூசப் பூச அதுவே முகத்தில் முடியை வளர்க்கும். வெளுக்கப் பூசியதால் வந்த முடியை எடுக்க என்னிடம் காசு கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின், ஸ்டீராய்டு கலந்திருப்பதைக் கண்டுபிடித்து, பல அழகுப் பொருள்களின் அனுமதியை என்பிஆர்ஏ, அதாவது நம் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமை, ரத்து செய்திருக்கிறது. டப்பாவில் நாட் (NOT) என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள், அதை முகமையின் இணையப் பக்கத்தில் தட்டிச் சரிபாருங்கள். ஸ்டீராய்டு என்று தெரிந்தால் சட்டென்று நிறுத்தினாலும் முகம் சிவந்து வெடிக்கும். மருத்துவரிடம் காட்டி நிறுத்துங்கள்.

கால் முடிக்கு வாங்கிய கிரீமை உதட்டுக்கு மேல் தடவுவது

வேண்டாம். முகத்துக்கென்று எழுதியிருப்பதை மட்டும், அதுவும் காதுக்குப் பின்னால் தடவி ஒரு நாள் பார்த்த பிறகு.

லேசருக்கு முன் நூல் போட்டுக்கொண்டு போவது

ஒளி பிடித்துக்கொண்டு இறங்க வேருள்ள முடி வேண்டும். நூலும் மெழுகும் சாமணமும் அதைப் பிடுங்கிவிடுகின்றன. லேசருக்கு நாலு வாரம் முன்பிருந்தே நிறுத்துங்கள். இடையில் சவரம் செய்துகொள்ளலாம். வெயிலில் கறுத்த முகத்தோடும் போகக் கூடாது. செம்பனைத் தோட்டத்தில் வெளிவேலை செய்யும் பெண்கள் இதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

நரைத்த முடிக்கு லேசர்

பிடிக்காது. நிரந்தரமாக எடுக்க, ஊசி மூலம் மின்சாரம் செலுத்தி ஒவ்வொரு வேராகக் கருக்கும் எலெக்ட்ரோலிசிஸ் ஒன்றுதான் வழி. 1875-லிருந்து இருக்கும் முறை. மெதுவாக நடக்கும், பொறுமை வேண்டும், ஆனால் முடியின் நிறம் எதுவானாலும் வேலை செய்யும்.

கல்யாணத்துக்கு முதல் நாள் புது முறை

ஒரு மாதம் முன்பே ஒரு தடவை செய்து பார்த்துவிடுங்கள்.

கஸ்தூரி மஞ்சளை நம்பி வருடக்கணக்கில் காத்திருப்பது

பாட்டி பூசிவிட்ட மஞ்சள் எனக்கும் பிடிக்கும், வாசனையே தனி. ஆனால் முளைத்துவிட்ட தடித்த முடியை அது உதிர்க்காது. நூல் போட்ட சூட்டோடு தேய்த்தால் எரியும், அவ்வளவுதான்.

மாதவிலக்கைப் பற்றிக் கேட்காமலே முறையைத் தேர்ந்தெடுப்பது

தோல் மருத்துவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா?" என்பதுதான். அந்த அழகு நிலையத்தில் இரண்டு வருடம் போய் வந்தும் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. எனக்குப் பிசிஓஎஸ், அதாவது சினைப்பையைப் பாதிக்கும் ஹார்மோன் கோளாறு, இருந்தது. ஆண் ஹார்மோன் கூடியதால்தான் தாடையில் முடி. அதற்கு மருந்து எடுக்காமல் மேலே எதைச் செய்தாலும், அறுத்த புல் மாதிரி பின்னாலேயே வந்துகொண்டிருக்கும். மருந்தும் உடனே காட்டாது, முடி குறைய ஆறு மாதமாவது ஆகும்.

தாடை, மேலுதடு, நெஞ்சு, அடிவயிறு போன்ற இடங்களில் தடித்த முடி, 35 நாளுக்கு மேல் தள்ளிப்போகும் மாதவிலக்கு, பின்கழுத்தில் தேய்த்தாலும் போகாத கறுப்பு, இவை சேர்ந்து இருந்தால் முதலில் அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்கு 1 வெள்ளிதான். தேவைப்பட்டால் அவர்களே நிபுணருக்குக் கடிதம் கொடுப்பார்கள். சில மாதங்களுக்குள் திடீரென்று முடி பெருகி, குரலும் கட்டையானால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

சனிக்கிழமை வந்த பெண்ணிடமும் இதைக் கேட்டேன். அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "ரெண்டு மாசம், மூணு மாசம் ஆகும்கா" என்றாள் மெதுவாக. "அதெல்லாம் கல்யாணமானா சரியாயிடும்னு நெனச்சிட்டேன்மா" என்றார் அம்மா. கடை ரசீதின் பின்பக்கத்தில் கடைசி மூன்று மாதவிலக்குத் தேதிகளையும் எழுதச் சொன்னேன். இரண்டுதான் அவளுக்கு நினைவு வந்தது. தாடையின் கீழ் இருந்த நாலைந்து கறுப்பு முடியைச் சின்னக் கத்தரியால் வெட்டிவிட்டேன், கன்னத்தைத் தொடவில்லை. அம்மா அந்த ரசீதை நாலாக மடித்து, கைப்பையில் அடையாள அட்டைக்குப் பின்னால் செருகிக்கொண்டார். செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போகிறார்கள்.