அரத்தை எடுக்கும் முன் கண்ணாடியை எடுங்கள்: குதிரைப் பல் வைத்தியம் கற்க விரும்பும் கால்நடை மருத்துவருக்கு

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவின் குதிரைச் சந்தை முடிந்த வாரம். ஒருவர் புதிதாக வாங்கிய குதிரையைக் காட்டி, "தின்னதையெல்லாம் உருட்டி உருட்டித் துப்புதுங்க டாக்டர்" என்றார். பாதி மென்ற புல், எலுமிச்சை அளவு உருண்டைகளாகத் தொட்டியைச் சுற்றிக் கிடந்தது. அதுவரை ஒன்பது வருடம் மாடும் ஆடும்தான் பார்த்திருந்தேன். நாக்கை ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு டார்ச் அடித்தேன். முன்னால் தெரிந்த இரண்டு மூன்று கடைவாய்ப்பல் சரியாக இருந்ததால், குடற்புழு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டேன். ஒரு மாதம் கழித்து அனுபவமுள்ள ஒரு மருத்துவர், வாயைத் திறந்தபடி நிறுத்தும் ஸ்பெகுலம் என்ற கருவியை மாட்டிப் பார்த்தார். கீழ்த்தாடையின் கடைசிப் பல் கொக்கி மாதிரி வளர்ந்து மேல் ஈற்றைக் குத்திக்கொண்டிருந்தது. அந்த ஒரு மாதமும் குதிரை பட்ட வேதனைக்கு நான்தான் காரணம். அதன் பிறகுதான் முறையாகக் கற்க ஆரம்பித்தேன்.

வாயில் கை விடுவதற்கு முன் ஒன்றை மனதில் நிறுத்துங்கள். எச்சில் ஒழுகும், விழுங்க முடியாத குதிரைக்கு வெறிநோய் இருக்கலாம். நடை தள்ளாடுகிறதா, நாய் கடித்ததா என்று கேட்காமல் வாயைத் திறக்காதீர்கள். வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளாமல் இந்த வேலைக்கு வரவே வேண்டாம். மூக்கில் சளியும் தோலில் புண்ணும் இருந்தால் மனிதருக்கும் தொற்றும் கிளாண்டர்ஸ் நோய் என்று சந்தேகித்து, ரத்த மாதிரியை ஹிசாரில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். பயிற்சிக்கு வாங்கும் செத்த குதிரையின் தலைக்கும் இதே எச்சரிக்கை.

அந்தத் தலைதான் முதல் ஆசிரியர். வயிற்றுவலியிலோ கால் முறிந்தோ இறந்த குதிரையின் உரிமையாளரிடம் பக்குவமாகக் கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். நான் முதல் தலையை வெறுமனே பார்க்க மட்டும் மூன்று மணி நேரம் செலவிட்டேன். மேல்தாடை அகலம், கீழ்த்தாடை குறுகல். அதனால் மேல்பற்களின் கன்னப் பக்கமும் கீழ்ப்பற்களின் நாக்குப் பக்கமும் தேயாமல் கத்தி மாதிரி கூர்மையாகி நிற்கும். விரலை வைத்துப் பார்த்தால் ஒரு நொடியில் புரியும். மண்டையை அறுத்துப் பார்த்தால், மேலே பின்னால் இருக்கும் நான்கு கடைவாய்ப்பல்லின் வேர்கள் சைனஸ் அறைக்குள் நிற்பது தெரியும். ஒரு மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சீழ் வந்தால் ஏன் பல்லை எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

அப்புறம் உயிருள்ள வாய். மயக்க ஊசியில் நம்மைப் போன்ற மாட்டு வைத்தியர்கள் தடுமாறுவோம். சைலசின் என்ற மயக்க மருந்தின் அளவு குதிரைக்கு ரத்தச் சிரை வழியாக, உடல் எடையில் கிலோவுக்கு 0.5 முதல் 1 மில்லிகிராம். மாட்டுக்கு அதில் பத்தில் ஒரு பங்கே போதும். மருந்துக் குப்பியில் செறிவு என்ன என்று ஒவ்வொரு முறையும் படியுங்கள். ஊசி சிரைக்குப் பதில் கழுத்துத் தமனியில் இறங்கினால் குதிரை அங்கேயே விழும். தலை தொங்கியதும், வேப்பங்கிளையில் கட்டிய கயிற்றில் துணி சுற்றிய வளையம் போட்டுத் தலையைத் தாங்கலாம். மயக்கம் முழுக்கத் தெளியும் வரை தீனி கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

ஸ்பெகுலம் மாட்டி, பெரிய சிரிஞ்சில் தண்ணீர் பீய்ச்சி வாயைக் கழுவி, தலைவிளக்கும் நீளக் காம்புக் கண்ணாடியும் வைத்து 24 கடைவாய்ப்பல்லையும் ஒரே வரிசையில் பாருங்கள். ஒவ்வொரு பல்லுக்கும் மூன்று இலக்க எண் கொடுக்கும் ட்ரயடன் எண்முறையைப் பழகிக்கொள்ளுங்கள். முதல் இலக்கம் பக்கம்: வலது மேல் 1, இடது மேல் 2, இடது கீழ் 3, வலது கீழ் 4. அடுத்த இரண்டு இலக்கம், முன் நடுவிலிருந்து பின்னோக்கி எண்ணினால் எத்தனையாவது பல் என்பது. அன்றைக்கு என் கண்ணில் படாத கொக்கி 311, இடது கீழ்த்தாடையின் கடைசிப் பல். மேலே 109, 209 இரண்டையும் நிதானமாகப் பாருங்கள். குதிரைக்கு ஒரு வயதாகும்போதே முளைத்த, வாயிலேயே மூத்த நிரந்தரப் பற்கள் அவை, சொத்தையும் அங்கேதான் அதிகம். இரண்டு பல்லுக்கு நடுவில் தீனி அடைத்திருந்தால் எடுத்து முகர்ந்து பாருங்கள். அழுகல் நாற்றம் அடித்தால் ஈறு நோய் பிடித்திருக்கிறது. முதல் ஐம்பது குதிரைக்கு இதை மட்டும் செய்து, படம் வரைந்து குறித்து வைத்தாலே கை பாதி தேறிவிடும்.

கூர்மையான பல்லோரங்களை ராவுவதைக் கை அரத்தில் தொடங்குங்கள். மின்சார அரம் வேகமானது, சூடும் கிளப்பும். தண்ணீர் விடாமல் ஒரே இடத்தில் அழுத்தினால் பல்லுக்குள் இருக்கும் உயிருள்ள மென்திசு (பல்கூழ்) வெந்துவிடும். குதிரைப் பல் வருடத்துக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர்தான் வெளியே வளரும், அதனால் அதிகமாக எடுத்தால் திரும்ப வர வெகு காலமாகும். எதிர்ப்பல் விழுந்துபோனதால் உயர்ந்து நிற்கும் பல்லை ஒரே நாளில் மட்டமாக்க ஆசை வரும். வேண்டாம். ஒரு தடவைக்கு 3 மில்லிமீட்டர் எடுத்துவிட்டு, மூன்று மாதம் கழித்துத் திரும்ப வாருங்கள். வழவழவென்று கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டால் குதிரையால் அரைக்கவும் முடியாது.

பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டும் முன் கேளுங்கள்: ஒரு ஆசிரியருக்கு எத்தனை பேர்? செத்த தலையில் எத்தனை மணி நேரம்? உயிருள்ள வாயில் என் கை படுமா? சாய்கோண எக்ஸ்ரே எடுக்கச் சொல்லித் தருவார்களா? இரண்டு நாளும் மின்சார அரம் ஓட்டவே கற்றுத்தரும் வகுப்பில் சேர நான் சொல்ல மாட்டேன். சிறப்புத் தகுதியே வேண்டும் என்பவர்களுக்கு அமெரிக்க, ஐரோப்பிய கால்நடைப் பல் மருத்துவ அமைப்புகளில் குதிரைக்கென்று தனிப் பிரிவு உண்டு. அது பல வருட உழைப்பு. வகுப்பு முடிந்து வந்ததும், சந்தேகத்துக்குப் போனில் படம் அனுப்பிக் கேட்க ஒரு மூத்தவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்த பத்தாம் நாள் லாயத்துக்குப் போய் லத்தியைக் கையில் உதிர்த்துப் பாருங்கள். நீள நீளமாக வைக்கோல் இழை வந்தால் இன்னும் சரியாக மெல்லவில்லை, திரும்ப ஸ்பெகுலம் மாட்டுங்கள். இழை குட்டையாக இருந்தால் தேதியைக் குறித்துக்கொண்டு, அடுத்த சோதனைக்கு ஆறு மாதம் கழித்து ஒரு நாளைக் குதிரைக்காரரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.