டர்போ காரில் எவ்வளவு சூடு சரி? பெங்களூரு ஓட்டுநர்களுக்கு ஒரு செய்முறை

சில்க் போர்டு நெரிசலில் நிற்கும்போது பானெட்டுக்குள் ஃபேன் இரைந்து ஓட ஆரம்பித்தால், புதிதாக டர்போ (புகைவாயுவால் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) உள்ள பெட்ரோல் கார் வாங்கியவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். டேஷ்போர்டின் வெப்பநிலை முள்ளைப் பார்த்து ஆறுதல் அடைய வேண்டாம். பல கார்களில் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) 80 டிகிரியைத் தாண்டியதிலிருந்து 100க்கு மேல் போகும்வரை முள் நடுவிலேயே நிற்கும்படிதான் அமைத்திருக்கிறார்கள். சில கார்களில் முள்ளே இல்லை, இன்ஜின் குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, அதிகம் சூடானால் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். அதனால் எண்ணைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

படி 1: காரின் கணினியிலிருந்து தகவலைப் படித்துப் போனுக்கு அனுப்பும் ஓபிடி ப்ளூடூத் அடாப்டர் ஒன்று வாங்குங்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே டேஷ்போர்டின் அடிப்பக்கத்தில் 16 முனை சாக்கெட் இருக்கும், அதில் செருகுங்கள். போனில் டார்க் (Torque), கார் ஸ்கேனர் போன்ற செயலியைத் திறந்து கூலன்ட் டெம்பரேச்சரைத் தேர்ந்தெடுங்கள். ஐபோன் என்றால் அதற்கு ஒத்துவரும் அடாப்டரா என்று கேட்டு வாங்குங்கள். ஓட்டும்போது எண்ணைப் படிப்பது பக்கத்து இருக்கைக்காரர் வேலை.

படி 2: காலையில் இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் முன் இக்னிஷனை மட்டும் போட்டுப் பாருங்கள். வெளிக்காற்றின் வெப்பநிலையை ஒட்டிய எண் வரவேண்டும். மைனஸ் 40 என்று காட்டினால் சென்சார் தகவல் வரவில்லை என்று அர்த்தம். கிளம்பிய பிறகு எண் 80களுக்கு ஏறும், கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வான தெர்மோஸ்டாட் திறக்கும். ஆனால் ஆயில் அப்போதும் முழுதாகச் சூடாகியிருக்காது, அதற்கு இன்னும் நேரம் வேண்டும். டர்போவின் பேரிங்கைக் காப்பது அந்த ஆயில்தான். ஆகவே கூலன்ட் சூடானவுடனே ஆக்சிலரேட்டரை அழுத்தாதீர்கள், இன்னும் சில கிலோமீட்டர் நிதானமாகப் போங்கள்.

படி 3: இப்போது நெரிசலில் கவனியுங்கள். எண் 95, 100 என்று ஏறும், ஃபேன் ஓடும், சில டிகிரி இறங்கும், மறுபடி ஏறும். இந்த ஏற்ற இறக்கம்தான் ஆரோக்கியமான காரின் அடையாளம். எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஏறிக் காற்று வாங்கினால் எண் தானாகக் குறையும். பெரும்பாலான கார்களுக்கு 85 முதல் 105 வரை இயல்பு. ஃபேன் ஓடியும் 110ஐத் தாண்டி இறங்காமல் நின்றால் அது கோளாறு. அதேபோல் நெடுஞ்சாலையில் நெடுநேரம் 70ஐத் தொடாமல் கிடந்தால் தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டியிருக்கலாம்.

100 டிகிரியில் கூலன்ட் ஏன் கொதிப்பதில்லை? கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூருவில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆனால் கூலன்டில் கொதிநிலையை உயர்த்தும் கிளைக்கால் என்ற வேதிப்பொருள் கலந்திருக்கிறது, கூலன்ட் தொட்டியின் மூடி அழுத்தத்தையும் பிடித்து வைக்கிறது. குக்கர் மாதிரிதான். இரண்டும் சேர்ந்து கொதிநிலையை 120க்கு மேல் தள்ளுகின்றன. சூடான இன்ஜினில் அந்த மூடியைத் திறந்தால் கொதிக்கும் திரவம் முகத்தில் பீறிடும். தயவுசெய்து திறக்காதீர்கள்.

ஆயில் வெப்பநிலையைப் பல கார்கள் செயலிக்குத் தருவதில்லை. தந்தால் 90 முதல் 110 வரை சாதாரணம், நந்தி மலை ஏற்றத்தில் 120ஐத் தொடலாம். 130 வந்தால் வேகத்தைக் குறையுங்கள்.

படி 4: எண் ஏறிக்கொண்டே போனால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். வியர்த்துக் கொட்டும், ஆனால் இன்ஜினின் சூடு கொஞ்சம் உள்ளே வந்து குறையும். சிவப்பு விளக்கு எரிந்துவிட்டால் ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்துங்கள்.

கிருஷ்ணகிரி பக்கம் வேகமாக ஓட்டிவிட்டு ஓட்டலில் நிறுத்தினால், ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அப்புறம் அணையுங்கள். டர்போவில் தேங்கிய சூட்டை ஆயிலும் கூலன்டும் எடுத்துப்போகட்டும். அணைத்த பிறகும் ஃபேன் சற்று நேரம் ஓடினால் பயப்பட வேண்டாம், பல கார்களில் அது வழக்கம்.

கூலன்ட் அளவை இன்ஜின் ஆறியிருக்கும் காலையில் பாருங்கள், தொட்டியின் இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்க வேண்டும். போர்வெல் தண்ணீரை ஊற்றாதீர்கள், அதன் உப்பு உள்ளே படியும். கார் கையேட்டில் சொன்ன வகைக் கூலன்டையே வாங்குங்கள். அடிக்கடி குறைந்துகொண்டே வந்தால் எங்கோ கசிகிறது, ஊற்றி ஊற்றி ஓட்டாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.