மேஜிக் ஆட்டத்தில் கவுன்டர் வீணாகும் இடங்கள்

‘மேஜிக்: தி கேதரிங்’ என்ற கார்டு ஆட்டத்தில், எதிராளி போட்டதை நிறைவேறவிடாமல் தடுப்பதே கவுன்டர். அதற்குச் செலவிடும் நீல மானா (கார்டுகளை விளையாடத் தேவையான ஆற்றல்) வீணாவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: ஸ்பெல்லையும் டிரிக்கரையும் ஒன்றென எண்ணிவிடுகிறார்கள். ஸ்பெல் என்பது ஒருவர் விளையாடி ஸ்டாக்கில், அதாவது நிறைவேறக் காத்திருக்கும் அடுக்கில், வைக்கும் கார்டு. டிரிக்கர் என்பது ஏதோ ஒன்று நடந்ததும் தானாக ஸ்டாக்கில் ஏறும் திறன். கார்டில் ‘வென்’, ‘வெனெவர்’, ‘அட்’ என்று தொடங்கும் வரிகள் அவை. ஸ்டாக்கில் கடைசியாக ஏறியதே முதலில் நிறைவேறும்.

மல்டிரிஃப்டர் என்ற உயிரினக் கார்டைப் பாருங்கள். களத்துக்கு வந்ததும் தன் ஆட்டக்காரருக்கு இரண்டு கார்டுகள் எடுத்துத் தரும். அந்த டிரிக்கர் வரும்வரை காத்திருந்துவிட்டு, அதன்மேல் கவுன்டர்ஸ்பெல்லை வீசப் பார்ப்பார்கள். அது செல்லாது. கவுன்டர்ஸ்பெல் ஸ்பெல்லை மட்டுமே குறிவைக்கும்; மல்டிரிஃப்டரோ ஏற்கெனவே களத்தில் இறங்கிவிட்டது. சரி, சேதம் விளைவிக்கும் லைட்னிங் போல்ட் ஸ்பெல்லால் அதைக் கொன்றுவிடலாமே என்றால், கொல்லலாம்; இரண்டு கார்டுகளும் எதிராளியின் கைக்குப் போய்ச் சேரும். எய்தவன் மாண்டாலும் அம்பு நிற்பதில்லை. அதைத் தடுக்க 2003இல் வந்த ஸ்டைஃபிள் போல, திறனையே கவுன்டர் செய்யும் கார்டு வேண்டும். அது கையில் இல்லையென்றால், மல்டிரிஃப்டர் ஸ்டாக்கில் இருக்கும்போதே முடிவெடுங்கள்.

இதற்கு நேர் எதிரானது ‘உலாமாக், தி சீஸ்லெஸ் ஹங்கர்’. எதிராளி அதை விளையாடியதுமே, களத்துக்கு வரும் முன்பே, களத்திலுள்ள உங்கள் இரண்டு கார்டுகளை நாடுகடத்தும் (ஆட்டத்திலிருந்து விலக்கும்) டிரிக்கர் பிறந்துவிடும். உலாமாக்கைக் கவுன்டர் செய்தால் அந்தப் பத்துக்குப் பத்து (தாக்கும் வலு பத்து, தாங்கும் வலு பத்து) உருவம் வராது, அவ்வளவுதான். இரண்டு கார்டுகளை இழப்பது உறுதி. ஸ்டைஃபிள் போட்டால் கார்டுகள் தப்பும், உலாமாக் வந்துவிடும். எது உங்களை முதலில் கொல்லும் என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதே சரி. ‘வருகிறது’ என்கிறதா, ‘விளையாடும்போது’ என்கிறதா என்று கார்டின் வரியைக் கட்டாயம் படியுங்கள்.

கவுன்டர் செய்த ஸ்பெல்லும் விளையாடிய ஸ்பெல்தான். எதிராளியின் போல்ட்டைத் தடுத்தாலும் அவருடைய மொனாஸ்டரி ஸ்விஃப்ட்ஸ்பியர் (உயிரினமல்லாத ஸ்பெல்லை அவர் விளையாடியதுமே வலுக்கூடும் உயிரினம்) வலுப்பெறும். கிரேப்ஷாட் என்ற ஸ்பெல்லைத் தடுத்தாலும், அந்த டர்னில் அதற்கு முன் விளையாடிய ஸ்பெல்களின் எண்ணிக்கைப்படி அதன் ஸ்டார்ம் டிரிக்கர் உருவாக்கும் நகல்கள் வந்தே தீரும்.

‘கவுன்டர் செய்ய முடியாது’ என்று எழுதியிருக்கும் சுப்ரீம் வெர்டிக்ட் என்ற ஸ்பெல்லையும் குறிவைக்கலாம்; ஆனால் அதைத் தடுக்க முடியாது. நீங்கள் வீசியது டிஸ்மிஸ் போன்ற கவுன்டர் கார்டானால் மட்டும், அதன் அடுத்த வரிப்படி உங்களுக்கு ஒரு கார்டாவது கிடைக்கும்.