உரைவழித் துப்பறியும் விளையாட்டுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எழுத்தை மட்டுமே நம்பி நடக்கும் புதிர் விளையாட்டுகளையும் துப்பறியும் விளையாட்டுகளையும் ஆர்வத்துடன் தொடங்கி, ஒரு மணி நேரத்துக்குள் மூடிவைத்துவிடுபவர்கள் பலர். தமக்கு அந்த அளவுக்கு மூளை இல்லை என்று அவர்கள் முடிவு கட்டிக்கொள்கிறார்கள். நான் கவனித்த வரையில், அவர்கள் இடறுவது பெரும்பாலும் படிக்கும் முறையில்தான். வேகமாக ஓடவும் குறிபார்த்துச் சுடவும் பழகிய கண், திரையில் பத்தி பத்தியாக எழுத்து வரும்போது, ஆட்டத்துக்கு முன்னால் வரும் அறிவிப்பைப் போல அதைத் தாண்டிச் செல்லப் பார்க்கிறது. ஆனால் இங்கே அறை, ஆள், தடயம், பூட்டு, சாவி எல்லாமே அந்த எழுத்துக்குள்தான் இருக்கின்றன.

வில் க்ரௌதர் 1970களின் நடுவில் எழுதி, டான் வுட்ஸ் 1977இல் விரிவாக்கிய ‘கொலாசல் கேவ் அட்வென்ச்சர்’ இவ்வகை விளையாட்டுகளுக்கு முன்னோடி. க்ரௌதர், அமெரிக்காவின் கென்டக்கியில் உள்ள மாமத் குகைத் தொடரில் நேரில் இறங்கி வரைபடம் தயாரித்தவர். ஆகவே அந்த விளையாட்டின் வர்ணனைகளில் அலங்காரம் குறைவு. பாதை எந்தப் பக்கம் குறுகுகிறது, மேலே ஏற முடியுமா, தரையில் என்ன கிடக்கிறது என்பவைதாம் அதில் இருக்கும். பின்னால் வந்த நல்ல விளையாட்டுகளும் இந்தச் சிக்கனத்தைக் காத்தன. வர்ணனையில் வரும் ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் ஒரு பொருளாக எண்ணி, அதைத் தனியே ஆராயச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்பது இதிலிருந்து கிடைக்கும் முதல் பாடம். மேசை என்று வந்தால் மேசையை ஆராய வேண்டும்; அதில் இழுப்பறை இருப்பதாகப் பதில் வந்தால் இழுப்பறையை, அதற்குள் கடிதம் இருந்தால் கடிதத்தை, கடிதத்தில் முத்திரை இருப்பதாகச் சொன்னால் அந்த முத்திரையையும் ஆராய வேண்டும். பலர் மேசையோடு நின்றுவிட்டு, அறையில் ஒன்றும் இல்லை என்று வெளியேறிவிடுகிறார்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு தவறு, ஓர் அறையை ஒரே ஒரு முறை படிப்பது. ‘ஸார்க்’ போன்ற பழைய விளையாட்டுகளில், ஓர் இடத்துக்கு முதன்முறை வரும்போதுதான் முழு வர்ணனை தோன்றும். அடுத்த முறை இடத்தின் பெயரும் அங்கே கிடக்கும் பொருள்களும் மட்டுமே வரும். நாம் வேறொரு இடத்தில் செய்த காரியத்தால் இங்கே ஒரு சுவரோ நீர்மட்டமோ மாறியிருந்தாலும் அது கண்ணில் படாமல் போகக்கூடும். சுற்றிலும் பார்க்கும் ‘லுக்’ கட்டளையை மறுபடி கொடுப்பது, அல்லது எப்போதும் முழு வர்ணனையைக் காட்டச் சொல்லும் ‘வெர்போஸ்’ கட்டளையைத் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுவது இதற்கு எளிய பரிகாரம். தாய்மொழி அல்லாத மொழியில் விளையாடுபவர்கள் ஒன்றைக் கூடுதலாக நினைவில் வைக்க வேண்டும். கதைப் புத்தகத்தில் தெரியாத ஒரு சொல்லைத் தாண்டிப் போனாலும் கதை புரிந்துவிடும். இங்கே தாண்டிய சொல்லே நாம் தேடும் பொருளின் பெயராக இருக்கலாம். அகராதியைத் திறப்பதில் கூச்சம் வேண்டாம்.

மறுப்புகள் எல்லாம் ஒன்றல்ல

தட்டச்சு செய்த கட்டளையைப் பிரித்துப் பொருள் கொள்ளும் நிரலைப் பார்சர் என்கிறோம். அதனுடன் மனிதரோடு பேசுவதுபோல நீண்ட வாக்கியங்களில் பேசுவது புதியவர்கள் செய்யும் முதல் பிழை. ‘அட்வென்ச்சர்’ இரண்டு சொற்களை மட்டுமே ஏற்றது. இன்ஃபோகாம் நிறுவனத்தின் விளையாட்டுகள் முழு வாக்கியங்களை ஏற்றாலும், அவை தேடியது ஒரு வினைச்சொல்லையும் அது எதன்மீது, எதைக்கொண்டு நடக்கிறது என்பதையும்தான். 1980இல் வெளிவந்த ‘ஸார்க் 1’ ஒவ்வொரு சொல்லிலும் முதல் ஆறு எழுத்துகளையே கணக்கில் எடுத்துக்கொண்டது. ‘கதவைத் திற’, ‘விளக்கை ஏற்று’, ‘சாவியால் பெட்டியைத் திற’ என்ற அளவில் கட்டளையைச் சுருக்கிக்கொண்டாலே பாதி எரிச்சல் குறைந்துவிடும். ஆராய்வதற்கு எக்ஸ், கையிருப்பைக் காண ஐ, காத்திருக்க ஸெட், முந்தைய கட்டளையைத் திரும்பச் செய்ய ஜி என்ற ஓரெழுத்துச் சுருக்கங்கள் பெரும்பாலான பார்சர் விளையாட்டுகளில் வேலை செய்யும்.

இதைவிடப் பெரிய தவறு, விளையாட்டு மறுத்துச் சொல்லும் எல்லாப் பதில்களையும் ஒரே ‘முடியாது’ என்று எடுத்துக்கொள்வது. அந்தச் சொல்லே தனக்குத் தெரியாது என்று பார்சர் சொன்னால், விளையாட்டின் சொற்களஞ்சியத்தில் அது இல்லை என்று பொருள். வேறு இரண்டு மூன்று சொற்களில் முயன்றுவிட்டு நகர்ந்துவிடலாம். கதவு பூட்டியிருக்கிறது என்று சொன்னால், நாம் சொன்னது புரிந்திருக்கிறது, ஆனால் ஒரு நிபந்தனை நிறைவேறவில்லை என்று பொருள். மூன்றாவதாக, அந்த இடத்துக்கும் அந்தச் செயலுக்கும் என்றே ஆசிரியர் தனியாக எழுதி வைத்த மறுப்பு ஒன்று உண்டு. அது கிடைத்தால் பேனாவை எடுக்க வேண்டும், ஏனெனில் யாரோ நம்முடைய அந்த முயற்சியை முன்கூட்டியே எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்.

‘அட்வென்ச்சரில்’ ஒரு பறவையைப் பிடிக்கும் புதிர் இதற்கு மிக நல்ல எடுத்துக்காட்டு. (ஏறக்குறைய 50 ஆண்டு பழைய விளையாட்டு என்பதால் விடையைச் சொல்வதில் தவறில்லை என்று நினைக்கிறேன்.) கையில் கூண்டு இருந்தாலும் பறவை சிக்காது. ஆனால் மறுப்பு வெறுமனே ‘பிடிக்க முடியாது’ என்று வருவதில்லை. நாம் உள்ளே நுழைந்தபோது பறவை அஞ்சவில்லை, நெருங்கும்போதுதான் கலவரப்படுகிறது என்று வருகிறது. அப்படியானால் அதை அச்சுறுத்துவது நாம் கையில் கொண்டுவரும் ஏதோ ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? கையில் இருக்கும் கோலைக் கீழே போட்டுவிட்டு நெருங்கினால் பறவை கூண்டுக்குள் வந்துவிடும். விடை முழுவதும் அந்த மறுப்புக்குள்ளேயே இருந்தது. பதிலைப் படிக்காமல் அதே கட்டளையை ஐந்து முறை திரும்பக் கொடுத்தவருக்கு மட்டும் இந்தப் புதிர் அநியாயமாகத் தோன்றும்.

நினைவை நம்புவது

வரைபடம் வரையாமல் விளையாடுவது குகை, மாளிகை வகை விளையாட்டுகளில் நிச்சயத் தோல்வி. வடக்கே போய்விட்டுத் தெற்கே திரும்பினால் பழைய இடத்துக்கே வருவோம் என்று எண்ணக் கூடாது, பாதைகள் வளையும். எல்லா அறைகளும் ஒரே மாதிரித் தோன்றும் சுழல்வழிகளில் அறைக்கு ஒரு பொருளைக் கீழே போட்டுக்கொண்டே போய் அடையாளம் வைத்துக்கொள்வது அக்காலத்திலிருந்து இன்றுவரை பயன்படும் வழி.

துப்பறியும் விளையாட்டில் குறிப்பேடு இதைவிடவும் முக்கியமானது. ஆனால் குறிப்பு எடுப்பவர்கள்கூட ஒரு பிழையை ஓயாமல் செய்கிறார்கள்: உரையில் இருப்பதையும் தாம் ஊகித்ததையும் ஒரே வரியில் கலந்து எழுதிவிடுகிறார்கள். ‘தோட்டக்காரர் 9 மணிக்கு வீட்டில் இருந்தார்’ என்று எழுதி வைத்தால், இரண்டு நாள் கழித்துப் பார்க்கும்போது அது உண்மைபோல நிற்கும். உரையில் இருந்ததோ, 9 மணிக்குத் தாம் வீட்டில் இருந்ததாகத் தோட்டக்காரர் சொன்னார் என்பதுதான். யார் சொன்னது, எப்போது சொன்னது, யாரிடம் சொன்னது என்ற மூன்றையும் சேர்த்து எழுத வேண்டும். நம் ஊகத்தை வேறு பக்கத்தில், வேறு மையில் எழுதுவது நல்லது. பொய் சொல்பவர்களைப் பிடிப்பதுதான் இவ்விளையாட்டின் வேலை. குறிப்பேடே அவர்களுடைய பொய்யை மெய்யாக மாற்றிவிட்டால் பிறகு எப்படிப் பிடிப்பது?

சாம் பார்லோ 2015இல் வெளியிட்ட ‘ஹெர் ஸ்டோரி’யில் இந்தப் பழக்கம் இல்லாவிட்டால் நகரவே முடியாது. 1994இல் ஒரு பெண்ணிடம் நடந்த காவல்துறை விசாரணையின் காணொளித் துண்டுகள் ஒரு தரவுத்தளத்தில் இருக்கின்றன. நாம் ஒரு சொல்லைத் தட்டித் தேட வேண்டும். ஒரு சொல் எத்தனை துண்டுகளில் வந்தாலும், கால வரிசையில் முதல் 5 துண்டுகளை மட்டுமே அது காட்டும். பொதுவான சொல்லைத் தேடுபவர் மீண்டும் மீண்டும் முற்பகுதி விசாரணைக்குள்ளேயே சுற்றுவார். பின்னால் வரும் துண்டுகளை எட்ட, எப்போதாவது மட்டும் உச்சரிக்கப்படும் ஊர்ப் பெயர், ஆட்பெயர், பொருட்பெயர் போன்றவற்றைப் பேச்சிலிருந்து பொறுக்கி எடுத்துத் தேட வேண்டும். கவனித்துக் கேட்கும் காதுக்கே அங்கே வழி திறக்கும்.

நேரம் ஓடுவதை மறப்பது

எல்லா விளையாட்டுகளும் நமக்காகக் காத்திருப்பதில்லை. மார்க் பிளாங்க் எழுதி 1982இல் இன்ஃபோகாம் வெளியிட்ட ‘டெட்லைன்’, ஒரு வீட்டில் நடந்த மரணத்தை விசாரிக்க ஆட்டக்காரருக்குக் கதைக்குள் 12 மணி நேரம் மட்டுமே தருகிறது. அந்த வீட்டில் உள்ளவர்கள் தத்தம் அலுவலாக அறைக்கு அறை போய்வருவார்கள். தொலைபேசி ஒலிக்கும், யாரோ எடுப்பார்கள், அந்த நேரத்தில் நாம் அருகில் இல்லாவிட்டால் பேச்சு நம் காதில் விழாது. முதல் முயற்சியிலேயே எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று வீடு முழுவதும் ஓடுபவர்களுக்கு எதுவும் முழுதாகக் கிடைப்பதில்லை. இங்கே முதல் சில ஆட்டங்களைக் கண்காணிப்புக்கென்றே ஒதுக்கிவிட வேண்டும். ஓர் ஆட்டம் முழுவதும் ஒரே ஆளைப் பின்தொடரலாம். அடுத்த ஆட்டத்தில் ஒரே இடத்தில் காத்திருந்து, யார் எத்தனை மணிக்கு அங்கே வருகிறார்கள் என்று எழுதி வைக்கலாம். இப்படி நேர அட்டவணை ஒன்று கைக்கு வந்த பிறகு ஆடும் ஆட்டம் முற்றிலும் வேறாக இருக்கும். அந்த விளையாட்டின் பெட்டிக்குள் விசாரணைக் குறிப்புகளும் ஆய்வக அறிக்கையும் அச்சிட்ட தாள்களாகவே இருந்தன; இன்று அதை விளையாடுபவர்கள் அவற்றின் படிகளைப் படிக்காமல் தொடங்கினால், வழக்கின் ஒரு பகுதியைத் தெரியாமலேயே விசாரிக்கப் புகுகிறார்கள்.

ஊகித்து அழுத்திப் பார்ப்பது

இவற்றுள் என்னை உண்மையாகவே வருத்துவது இந்தத் தவறுதான். லூகாஸ் போப்பின் ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்’ (2018) உரைவழி விளையாட்டு அல்ல என்றாலும், துப்பறிவதை இவ்வளவு நேர்மையாக நடத்தும் விளையாட்டுகள் குறைவு. கப்பலில் இருந்த 60 பேரின் பெயரையும் முடிவையும் நாம் எழுத வேண்டும். மூவருடைய விவரம் சரியாகும்போது மட்டுமே விளையாட்டு அதை உறுதிப்படுத்தும். ஊகிப்பவர்களைத் தடுக்கவே இந்த மூன்று என்ற கணக்கு. ஆனாலும் இருவரை உறுதியாக அறிந்துகொண்டு, மூன்றாமவருக்குப் பெயர்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். 2022இல் வந்த ‘தி கேஸ் ஆஃப் தி கோல்டன் ஐடல்’ விளையாட்டில், நாம் நிரப்பிய சொற்களில் பிழை இரண்டோ அதற்குக் குறைவோ ஆனால் அதை அது நமக்குத் தெரிவிக்கும். அந்தச் சிறு உதவியைப் பிடித்துக்கொண்டு சொற்களை இடம் மாற்றி மாற்றிப் போடுவதும் இதே பழக்கம்தான். அப்படி ஓர் அத்தியாயத்தைக் கடந்தவருக்கு, யார் யாரை ஏன் கொன்றார் என்ற காரணச் சங்கிலி கையில் இருக்காது. பின்வரும் அத்தியாயங்கள் அந்தச் சங்கிலியின் மீதே எழுப்பப்பட்டிருப்பதால், அங்கேயும் ஊகிப்பதைத் தவிர வேறு வழி இருக்காது. விடையை உறுதி செய்வதற்கு முன், ‘இது இவர்தான், ஏனென்றால்...’ என்று ஒரு வாக்கியத்தைத் தாளில் எழுதிப் பாருங்கள். வாக்கியம் முடியாவிட்டால் விடை இன்னும் கிடைக்கவில்லை.

நீதிமன்ற விளையாட்டான ‘ஏஸ் அட்டர்னி’ வரிசையில், 2001இல் ஜப்பானில் தொடங்கியது அது, இதற்கு எதிரான ஒரு சிக்கல் உண்டு. ஆட்டக்காரர் முழு உண்மையையும் முன்பே ஊகித்துவிடுகிறார். அதை நிரூபிக்கும் தடயத்தை உடனே நீட்டி, தண்டனையாகப் புள்ளியை இழக்கிறார். அங்கே கேட்கப்படுவது முழு வழக்கு அல்ல. இந்த ஒரு சாட்சியின் இந்த ஒரு வாக்கியத்துக்கு நேராக முரண்படும் ஒரு தடயம் மட்டுமே. சாட்சியத்தின் ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒருமுறை அழுத்திக் கேட்டுவிட்டு, பிறகே தடயத்தைக் காட்ட வேண்டும். கேள்வி எவ்வளவு சிறியது என்று புரிந்துகொள்ளாமல் பெரிய விடை சொல்வதும் பிழையே.

முதலில் ஐயம் கொண்டவரையே கடைசி வரை பிடித்துக்கொண்டிருப்பதும் ஏறத்தாழ இதே இனம். என் ஊகம் தவறாக இருந்தால் அதை உடைக்கக்கூடிய தடயம் எது, அதை நான் தேடினேனா என்று அவ்வப்போது கேட்டுக்கொள்வது போதும்.

சேமிப்பும் குறிப்புதவியும்

ஒரே சேமிப்பின் மீது திரும்பத் திரும்பச் சேமிக்கக் கூடாது. 1984இல் வந்த ‘தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைட் டு தி கேலக்ஸி’யில் தொடக்கத்தில் கவனிக்காமல் விட்ட ஒரு சிறு காரியத்தால், வெகுநேரம் கழித்து முடிக்கவே முடியாத நிலையில் மாட்டிக்கொள்ளலாம், அந்த நிலைக்கு வந்துவிட்டோம் என்பதையும் விளையாட்டு சொல்லாது. உரைவழி விளையாட்டுகளை எழுதும் ஆண்ட்ரூ பிளாட்கின் இத்தகைய கொடுமையின் அளவை ஐந்து படிகளாக வகுத்துக் காட்டியிருக்கிறார். பழைய விளையாட்டு என்றால் மிகக் கொடிய படியைச் சேர்ந்தது என்றே எண்ணிக்கொண்டு, ஒவ்வொரு முக்கியத் திருப்பத்திலும் தனிப் பெயரில் சேமித்து வையுங்கள்.

முழு வழிகாட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு விளையாடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை; துப்பறியும் விளையாட்டை ஒரு முறைதான் புதிதாக விளையாட முடியும். ஆனால் உதவியே நாடக் கூடாது என்று பிடிவாதமாக நான்கு நாள் ஒரே அறையில் நிற்பதும் வேண்டாம். இன்ஃபோகாம் விளையாட்டுகளுக்கு ‘இன்விசிக்ளூஸ்’ என்ற கையேடுகள் வந்தன: கண்ணுக்குத் தெரியாத மையில் அச்சிடப்பட்ட குறிப்புகள், தனிப் பேனாவால் தேய்த்தால் ஒவ்வொன்றாகத் தெரியும், மென்மையான குறிப்பு முதலிலும் நேரடி விடை கடைசியிலும் இருக்கும். அந்த வரிசையை இன்றும் நாமே பின்பற்றலாம். எங்கே சிக்கியிருக்கிறோம் என்பதை ஒரு கேள்வியாக எழுதி, அந்தக் கேள்விக்கு மட்டும் ஒரு வரி உதவியைத் தேடிப் படித்துவிட்டு மூடிவிட வேண்டும். பிறகு விளையாட்டுக்குத் திரும்பி, அந்த உதவி சொன்ன செய்தியை உரை எந்த இடத்தில் நமக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தது என்று தேடிக் கண்டுபிடித்துவிட்டு, அதன் பிறகே அடுத்த கட்டளையைத் தட்ட வேண்டும்.