பியெமோந்தேயில் ஏழு கோர்ஸ் விருந்து: கிரிஸ்ஸினியில் ஏமாறாதீர்கள்

வட இத்தாலியின் பியெமோந்தே பகுதியில், ஆல்பா ஊரைச் சுற்றியுள்ள லாங்கே குன்றுகளில், சின்ன உணவகத்தில்கூட டேஸ்டிங் மெனு கிடைக்கும். சமையல்காரரே தேர்ந்தெடுத்து ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் சின்னச் சின்னத் தட்டுகள். ஐந்து முதல் ஏழு கோர்ஸ். அதில் பலரும் கோட்டைவிடுவது முதல் அரை மணி நேரத்திலேயே.

காரணம் கிரிஸ்ஸினி. டுரின் பக்கத்து மொறுமொறு ரொட்டிக்குச்சி. உட்கார்ந்ததுமே மேசைக்கு வந்துவிடும். நானும் தோழியும் முதல்முறை போனபோது பேச்சு சுவாரஸ்யத்தில் ஒரு கட்டு முழுவதையும் முறித்துத் தின்று தீர்த்து, இன்னொன்றும் கேட்டு வாங்கினோம். அப்புறம்தான் ஆன்டிபாஸ்டி என்ற தொடக்கத் தட்டுகள் வந்தன. அந்த ஊரில் அது ஒரு தட்டோடு நிற்காது. ட்யூனா சாஸ் பூசிய குளிர்ந்த கன்றிறைச்சி, கத்தியால் பொடியாக நறுக்கிய பச்சை இறைச்சி, நெத்திலியும் பூண்டும் கரைந்த சூடான எண்ணெயோடு குடைமிளகாய் என்று வந்துகொண்டே இருக்கும். இவற்றில் பாதியை மிச்சம் வைத்தாலும் பாவமில்லை.

வயிற்றில் இடம் வேண்டியது தாயாரினுக்கு. கிலோ மாவுக்கு 30, சில சமையலறைகளில் 40 முட்டை மஞ்சள் கரு வரை சேர்த்துப் பிசைந்து, இழை இழையாக நறுக்கிய பாஸ்தா. வெண்ணெயில் புரட்டிக் கொடுப்பார்கள். இதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தால் ஆறி, கட்டியாக ஒட்டிக்கொள்ளும். வந்ததும் சாப்பிடுங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை போனால் இதன்மேல் வெள்ளை டிரஃபிளை, அதாவது மண்ணுக்கடியில் விளையும் வாசனைக் காளானை, சீவட்டுமா என்று கேட்பார்கள். பெரும்பாலும் மெனு விலையில் அது சேராது. கிராம் கணக்கில் தனி பில். விலையை முதலிலேயே கேளுங்கள், கூச்சமே வேண்டாம். 'போதும்' என்பதற்கு இத்தாலியச் சொல்லும் நம் எழுத்தில் 'பாஸ்தா'தான். 'பாட்டு'வில் வரும் 'பா' அல்ல, 'பாக்கி'யில் வரும் 'பா'. மாற்றிச் சொன்னால் சீவல் நிற்காது!

பல இடங்களில் டேஸ்டிங் மெனுவை மேசையில் உள்ள எல்லோரும் சேர்ந்துதான் எடுக்க வேண்டும். நண்பருக்கு ஒரு தட்டுப் பாஸ்தா போதும் என்றால் கிளம்புமுன்பே பேசி முடித்துவிடுங்கள். இருவர் தட்டும் காலியான பிறகே அடுத்த கோர்ஸ் வரும் என்பதால் ஒருவர் மட்டும் அவசரப்பட்டுப் பயனில்லை.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். சைவம் என்று மட்டும் சொன்னால் போதாது. குடைமிளகாய்த் தட்டில் நெத்திலி இருக்கிறது. பார்மிஜானோ சீஸைத் திரிய வைப்பதே கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட். அன்யோலோத்தி தெல் பிளின் என்ற கிள்ளிய பாஸ்தாவுக்குள் வழக்கமாக இருப்பது இறைச்சிதான்.

ஒவ்வொரு கோர்ஸுக்கும் ஒரு வைன் என்ற ஏற்பாட்டை ஆளுக்கொன்றாக எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இந்தப் பகுதியின் சிவப்பு வைனான பரோலோவில் ஆல்கஹால் 14 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். ஒன்றை வாங்கி இருவரும் பகிர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். கார் ஓட்டுபவர் தொடாமலிருப்பதே நல்லது. ராத்திரியில் அந்தக் குன்றுப் பாதைகள் வளைந்து வளைந்து போகும்.

பில்லில் 'கொபெர்த்தோ' என்று தலைக்குச் சில யூரோ இருந்தால் சண்டை போடாதீர்கள். மேசைக்கும் ரொட்டிக்குமான வழக்கமான கட்டணம் அது.

அன்று கடைசியாக வந்த சாக்லேட் புட்டிங் புனெத்தை ஆளுக்கொரு ஸ்பூனுக்கு மேல் எங்களால் தொட முடியவில்லை. அடுத்த முறை உட்கார்ந்ததும் தோழி செய்த முதல் வேலை, கிரிஸ்ஸினியைத் தூக்கி ஜன்னல் திண்டில் வைத்ததுதான்.