திரிப்பதற்கு ஆங்கிலத்தில் எந்தச் சொல்? நாம் சறுக்கும் இடங்கள்

சில வருடங்களுக்கு முன் வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்கு நான் அனுப்பிய மின்னஞ்சல் இது. எங்கள் கணக்கு அட்டவணையை அவர்கள் தங்கள் கணினியில் திறந்து, சேமித்து, திருப்பி அனுப்பியிருந்தார்கள். வந்ததைப் பார்த்தால் எண்களெல்லாம் கட்டம் மாறிக் கிடந்தன. அதைச் சொல்ல நினைத்து, ‘யூ ஹேவ் ட்விஸ்டட் அவர் ஃபிகர்ஸ்’ என்று எழுதிவிட்டேன். அரை மணி நேரத்தில் என் மேலாளருக்கு போன் வந்துவிட்டது. அந்தப் பக்கம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: எங்களை ஏமாற்றுக்காரர்கள் என்கிறாரா உங்கள் ஆள்?

நான் தமிழில் யோசித்ததால் வந்த வினை அது. நமக்குத் ‘திரி’ என்ற ஒரே சொல் எல்லா வேலையும் பார்க்கும். பால் திரிகிறது. கயிறு திரிக்கிறோம். பேச்சைத் திரிக்கிறார்கள். இலக்கணத்தில்கூட ‘பொன்’னும் ‘குடம்’மும் சேர்ந்தால் னகரம் றகரமாகத் திரிகிறது, பொற்குடம். பால் திரிந்ததற்கு யாரையும் சட்டையைப் பிடித்துக் கேட்க முடியாது. ஆங்கிலத்தில் அப்படியில்லை. திரிந்தது எது, யார் திரித்தது, தெரிந்தே செய்தாரா என்பதெல்லாம் பெரும்பாலும் வினைச்சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

‘ட்விஸ்ட்’டையே எடுத்துக்கொள்வோம். கணுக்கால் சுளுக்கிக்கொண்டால் ட்விஸ்ட். கதையில் எதிர்பாராத திருப்பம் வந்தால் ட்விஸ்ட். இரண்டிலும் வம்பில்லை. ஆனால் ஒருவருடைய வார்த்தை, எண், வாதம் என்று எதன்மேலாவது அந்தச் சொல்லை வைத்தால் ‘வேண்டுமென்றே செய்தாய்’ என்ற குற்றச்சாட்டு தானாக ஒட்டிக்கொள்ளும். ‘டோன்ட் ட்விஸ்ட் மை வேர்ட்ஸ்’ என்பது சண்டையில் வரும் வாக்கியம். அலுவலகத்தில் ‘தட்ஸ் நாட் க்வைட் வாட் ஐ மென்ட்’ என்றாலே விஷயம் போய்ச் சேர்ந்துவிடும், உறவும் கெடாது.

சரி, நான் எழுதியிருக்க வேண்டிய சொல் என்ன? ‘கார்பிள்ட்’. செய்தி வழியில் குழம்பிப்போனால், போனில் குரல் விட்டுவிட்டுக் கேட்டால், எழுத்து உடைந்து வந்தால் அதற்கு இதுதான் சொல். பழைய பாமினி எழுத்துருவில் அடித்த தமிழ்க் கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியீடும் கலந்து ஏதோ வந்து நிற்குமே, அதுதான் கார்பிள்ட் டெக்ஸ்ட்டுக்கு நம் வீட்டு உதாரணம். யார்மேலும் பழி இல்லை.

இந்தச் சொல் வந்த வழி விசித்திரமானது. அரபியில் சலிப்பதைக் குறித்த சொல் இத்தாலி வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. மிளகு, கிராம்பு போன்ற சரக்கைச் சலித்துக் கல்லும் தூசியும் நீக்குவதுதான் கார்பிள் செய்வது. லண்டனில் அதைக் கவனிக்கவென்றே ஓர் அதிகாரி இருந்தார். பிறகு, ஒருவர் எழுதியதிலிருந்து வேண்டியதை மட்டும் சலித்தெடுத்து அர்த்தத்தையே மாற்றுவதை அந்தச் சொல் குறித்தது. அதற்கும் பிறகு வெறும் குழப்படி ஆகிவிட்டது. சுத்தம் செய்வதில் தொடங்கிய சொல் சேற்றில் வந்து முடிந்திருக்கிறது, பாவம்.

‘டிஸ்டார்ட்’ இரண்டு பக்கமும் போகும். ஒலிபெருக்கியை அளவுக்கு மீறி வைத்தால் சத்தம் டிஸ்டார்ட் ஆகும், அதில் பொய் சொல்லும் எண்ணம் யாருக்கும் இல்லை. வரைபடம் வரைபவரான மெர்கேட்டர் 1569-இல் வெளியிட்ட உலக வரைபடம் இன்னும் நல்ல உதாரணம். மாலுமிகள் திசைமானியைப் பார்த்து நேர்கோட்டில் வழி குறிப்பதற்காக அவர் கோணங்களைக் காப்பாற்றினார், பரப்பளவைக் கைவிட்டார். அதனால் அந்தப் படத்தில் கிரீன்லாந்து ஏறக்குறைய ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போல் சுமார் 14 மடங்கு. அந்தப் படம் பரப்பை டிஸ்டார்ட் செய்கிறது எனலாம். மெர்கேட்டர் உண்மையை ட்விஸ்ட் செய்தார் என்றால் அபாண்டம்.

இதன் உடன்பிறப்பு ‘கன்டார்ட்’. இது உடம்புக்கும் முகத்துக்கும்தான் அதிகம் வரும். வலியில் முகம் கோணுவது, சர்க்கஸில் உடம்பை வில்லாய் வளைத்துப் பெட்டிக்குள் நுழைவது எல்லாம் இது. ‘கன்டார்ட்டட் ஃபேக்ட்ஸ்’ என்று நாளிதழ் ஆங்கிலத்தைப் போலி செய்து எழுதாதீர்கள், காதில் உறுத்தும். ‘டிஃபார்ம்ட்’ என்பதை இடித்து நசுங்கிய பம்பரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மனிதரைப் பற்றிச் சொன்னால் அது வசவுக்குப் பக்கத்தில் போய்விடும்.

மழையில் ஊறிக் காய்ந்த கதவுப் பலகை முறுக்கிக்கொண்டு நிலையில் பொருந்தாமல் போனால் ‘வார்ப்ட்’. மனசுக்கும் சொல்லலாம், ஆனால் கோணல் புத்தி என்கிற அளவுக்குக் காரம். தறியில் பாவு நூலுக்கும் இதே சொல்தான், அங்கே திருகல் எதுவும் இல்லை.

புள்ளிவிவரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் ‘ஸ்க்யூ’. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை சுமார் ஒரு கோடி பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேல் திரும்பப் பெற்று, ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் ஜெயிப்பார் என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளிக்கொண்டு போனார். பெயர்ப் பட்டியலை அவர்கள் எடுத்ததில் பெரும்பகுதி தொலைபேசிப் புத்தகத்திலிருந்தும் கார் பதிவேட்டிலிருந்தும். பொருளாதாரம் படுத்துக் கிடந்த அந்தக் காலத்தில் போனும் காரும் வைத்திருந்தவர் யார் என்று யோசித்தால் போதும். சீட்டைத் திருப்பி அனுப்பியவர்களும் ஒரு சாராராகவே இருந்தார்கள். இப்படி ஒரு பக்கம் சாய்ந்த மாதிரித் தொகுப்புதான் ‘ஸ்க்யூட் சாம்பிள்’. யாரும் எண்ணை மாற்றி எழுதவில்லை.

இப்போது வில்லங்கமான சொல்லுக்கு வருவோம்: ‘மிஸ்ரெப்ரசென்ட்’. இதைச் சிலர் ‘தவறாகப் புரிந்துகொள்வது’ என்ற பொருளில் எழுதுகிறார்கள். இல்லை. புரிந்துகொள்வது கேட்பவர் வேலை. இது சொல்பவர் உண்மைக்கு மாறாகச் சொல்வது. இன்னொரு பக்கம், இது எப்போதும் மோசடி என்று நினைப்பதும் சரியில்லை. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872 இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது: பிரிவு 17 மோசடி, பிரிவு 18 மிஸ்ரெப்ரசென்டேஷன். வீட்டை விற்பவர் ‘கிணறு கோடையிலும் வற்றாது’ என்கிறார். வற்றும் என்று தெரிந்தே, ஏமாற்றுவதற்காகச் சொன்னால் மோசடி. ஆதாரம் எதுவும் இல்லாமல், ஆனால் நிஜமென்று நம்பிச் சொல்லி, அது பொய்யாகிப்போனால் மிஸ்ரெப்ரசென்டேஷன். பேச்சு வழக்கில் சொல் கொஞ்சம் காட்டமாகவே ஒலிக்கும். வக்கீல் நோட்டீஸில் பார்த்தால் மட்டும் உடனே ‘நம்மைத் திருடன் என்கிறான்’ என்று கொதிக்க வேண்டாம்.

படங்களில் நாம் செய்யும் தவறு வேறு. கணினியில் மாற்றிய படம் எல்லாமே நமக்கு ‘மார்ஃபிங்’. இந்தியாவுக்கு வெளியே அந்தச் சொல் ஒரு முகம் மெல்ல மெல்ல இன்னொரு முகமாக மாறுவதைத்தான் முதலில் நினைவூட்டும். ஏமாற்றுவதற்காகக் கைவைத்த படத்துக்கு அங்கே ‘டாக்டர்ட்’. ஆமாம், மருத்துவர்தான், வினைச்சொல்லாக. ரகசியப் போலீஸ் தலைவராக இருந்த யெஷோவ், மாஸ்கோ–வோல்கா கால்வாய்க் கரையில் ஸ்டாலினுக்குப் பக்கத்தில் நிற்கும் படம் ஒன்று உண்டு. 1940-இல் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். பிறகு அதே படத்தில் அவர் நின்ற இடத்தில் தண்ணீர் மட்டும் இருந்தது. கணினியே இல்லாத காலத்து டாக்டர் வேலை அது.

இருப்பதை மாற்றினால் ‘ஃபால்சிஃபை’. இல்லாததை உண்டாக்கினால் ‘ஃபேப்ரிகேட்’. ‘ஜோடித்த வழக்கு’ என்கிறோமே, அது இரண்டாவது. கையெழுத்துக்கு ‘ஃபோர்ஜ்’. அறிவியல் கட்டுரையில் ஒரு கோட்பாடு ‘ஃபால்சிஃபையபிள்’ என்று படித்தால் அது பாராட்டு: தவறென்று காட்டும் சோதனைக்குத் தன்னை உட்படுத்திக்கொள்ளும் கோட்பாடு என்று அர்த்தம். அதைப் ‘போலி’ என்று மொழிபெயர்த்ததை அச்சிலேயே பார்த்திருக்கிறேன்.

நம் ‘கயிறு திரிப்ப’தற்கு ஆங்கிலத்தில் கிட்டத்தட்ட அச்சு அசலாக ‘ஸ்பின் எ யார்ன்’ இருக்கிறது, நூல் நூற்பது. ஆனால் அதில் திட்டு குறைவு. தாத்தா திண்ணையில் அளக்கும் நீளக் கதைக்குக்கூடச் சொல்லலாம். தனியாக வரும் ‘ஸ்பின்’ அரசியல்: பொய் சொல்லாமலே தனக்குச் சாதகமான பக்கத்தை மட்டும் காட்டுவது.

கடைசியாக, எழுத்துப்பிழை திருத்தும் மென்பொருள் கண்டுபிடித்துத் தராத ஒரு ஜோடி. திருகுவதைக் குறித்த ஒரே லத்தீன் வேரில் பிறந்தவை ‘டார்ச்சுவஸ்’ஸும் ‘டார்ச்சரஸ்’ஸும். போல்ட்டை முறுக்கும் விசைக்கு மெக்கானிக் சொல்லும் ‘டார்க்’கூட அந்தக் குடும்பம்தான். கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள், ஆகவே சாலை டார்ச்சுவஸ். பின் சீட்டில் பிளாஸ்டிக் பையோடு உட்கார்ந்திருப்பவருக்குப் பயணம் டார்ச்சரஸ். எழுதும்போது ஓர் ‘ஆர்’தான் கூடுதல்.