தெரிந்த பாட்டை வைத்து வாசிக்கப் பழக்குவது எப்படி?

எழுத்துகள் ஓரளவு தெரியும், ஆனால் ஒரு வரியைச் சேர்த்து வாசிக்கத் திணறுவார். அப்படி ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், அது பாட்டியானாலும் மூன்றாம் வகுப்புப் பிள்ளையானாலும், இதைச் செய்து பாருங்கள். பாட்டு ஓடும்போது அதே மொழியில் அதன் வரிகளையும் திரையில் காட்டுவதுதான் விஷயம். அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் இருந்த பிரிஜ் கோத்தாரிக்கு 1996-இல் தோன்றிய யோசனை இது. 1999-இல் குஜராத்தி தூர்தர்ஷனின் திரைப்பாடல் நிகழ்ச்சியில் வந்தது, பிறகு இந்தியில் 'சித்ரஹார்', 'ரங்கோலி' வரை போனது.

படி 1: பாட்டைத் தேர்ந்தெடுங்கள்
அவருக்கு மனப்பாடமான பாட்டாக இருக்க வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அடுத்து என்ன சொல் வரும் என்று அவருக்கு முன்பே தெரியும், அதனால் கண் அந்தச் சொல்லைத் திரையில் தேடிப் பிடித்துவிடும். பல்லவி திரும்பத் திரும்ப வருவதால் அதே சொற்களை ஒரே பாட்டில் பலமுறை பார்ப்பார். வேகமான குத்துப்பாட்டு இப்போது வேண்டாம்.

படி 2: வரிகளைச் சரிபாருங்கள்
யூடியூபில் பாட்டின் பெயரோடு 'தமிழ் லிரிக்ஸ்' என்று சேர்த்துத் தேடுங்கள். ஆங்கில எழுத்தில் வரிகள் ஓடும் வீடியோக்களை ஒதுக்கிவிடுங்கள். அப்புறம் நீங்கள் ஒருமுறை முழுதாகப் பாருங்கள். 'வந்தாங்க' என்று பாடும்போது திரையில் 'வந்தார்கள்' என்றிருந்தால், பழகுபவர் அந்த இடத்தில் தடுமாறிப்போவார். பாடப் பாடச் சொல்லின் நிறம் மாறும் வீடியோ கிடைத்தால் ரொம்ப நல்லது.

படி 3: டிவியில் போடுங்கள்
போன் திரை சிறியது. வேகமாகத் தோன்றினால் யூடியூப் செட்டிங்ஸில் வீடியோ ஓடும் வேகத்தை 0.75 என்று வையுங்கள். 'இது என்ன எழுத்து?' என்று நடுவில் கேட்காதீர்கள், கூடச் சேர்ந்து பாடுங்கள். வயதானவர்களுக்கு வாசிப்பில் இருக்கும் கூச்சம் பாடும்போது தானாகக் குறையும்.

படி 4: சில வாரம் கழித்து
பல்லவியின் நடுவிலிருந்து ஒரு சொல்லைத் தாளில் பெரிதாக எழுதிக் காட்டுங்கள். வரியை முதலிலிருந்து முணுமுணுத்துக் கண்டுபிடித்தால், இன்னும் நினைவை வைத்துத்தான் சொல்கிறார். சரி, அதே பாட்டைத் தொடருங்கள். பார்த்ததும் சொல்லிவிட்டால், பாதி மட்டுமே தெரிந்த ஒரு பாட்டுக்குப் போகலாம்.